மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு நீச்சல்: கிணற்றுப் பாடத்தை நான் மறந்த கதை

எங்கள் அப்பாரு எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த விதம் இது. காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து முதுகில் கட்டினார், தோட்டத்துக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போனார், "உள்ள பாம்பு கிடக்குதான்னு பாரு கண்ணு" என்றார், நான் எட்டிப் பார்த்தேன், பின்னாலிருந்து ஒரு தள்ளு. நாலாம் நாள் குடுக்கையை அவிழ்த்தாயிற்று. கோபி, சத்தியமங்கலம் பக்கம் என் வயதுக்காரர்கள் பலர் இப்படிக் கற்றவர்கள்தான், சிலருக்குக் குடுக்கைக்குப் பதில் எண்ணெய் கேன், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு ஈரோட்டில் ஒரு நீச்சல் குளத்தில் மாஸ்டராகச் சேர்ந்து பதினோரு வருஷம் கோடை விடுமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் எனக்குத் தெரிந்தது அதேதான். பயம் தெளிந்தால் போதும், உடம்பு தானாக மிதக்கும்.

சொன்னபடி கேட்கிற உடம்பு உள்ள பிள்ளைகளுக்கு அது சரி. மற்ற பிள்ளைகள் எங்கள் குளத்துக்கு வந்ததே இல்லை, வந்திருந்தாலும் கேட்டிலேயே ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பியிருப்போம் என்பதுதான் உண்மை.

அப்புறம் ஒரு ஏப்ரலில் ஒரு அக்கா தன் மகனோடு வந்தார். எட்டு வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. கையில் ஒரு எவர்சில்வர் சொம்பு, அதை யார் கேட்டாலும் தரமாட்டான். அவர்கள் வீடு கீழ்பவானி வாய்க்காலுக்குப் பக்கம். ஆகஸ்ட் நடுவில் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் கரையை ஒட்டி ஓடும், இழுப்பும் அதிகம். இரண்டு தடவை இவன் கதவைத் திறந்துகொண்டு சத்தமில்லாமல் போயிருக்கிறான். இரண்டாவது தடவை படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவனை ஆடு மேய்க்கிறவர் ஒருவர் பார்த்துத் தூக்கி வந்திருக்கிறார். அதற்குப் பிறகு வாசல் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். "இப்பவே முக்காலிய இழுத்துப் போட்டு ஏறிப் பாக்கறானுங்க. மெடல் எல்லாம் வேண்டாமுங்க மாஸ்டர், வாய்க்கால்ல விழுந்தா கரைக்கு வந்தாப் போதும்" என்றார்.

இது அவர்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஒரு ஈர்ப்பு, வீட்டை விட்டு நழுவிப் போகிற பழக்கமும் சேர்ந்துகொண்டால் நேரே போய் நிற்பது நீர்நிலையில்தான். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 14 வயதுக்கு உட்பட்ட ஆட்டிசப் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைப் போல 160 மடங்கு என்று கண்டிருந்தார்கள். இங்கே அப்படி யார் கணக்கெடுக்கிறார்கள்.

முதல் நாள் நான் செய்தது கிணற்று வைத்தியத்தில் பாதி. தள்ளவில்லை, தூக்கிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர்ப் பிரியன்தானே, இறங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மார்பளவு வந்ததும் என் தோளைக் கடித்தான், ரத்தம் வந்துவிட்டது. பக்கத்து வரிசையில் இன்னொரு மாஸ்டர் விசில் ஊத, தகரக் கூரைக்குள் அந்தச் சத்தம் எகிற, பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு போட்ட கூச்சல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் அவன் கேட்டைத் தாண்டவில்லை. அந்த அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தினமும் கூட்டிவந்து கேட் ஓரமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போனார். அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

மூன்றாவது வாரம் நான் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரோடு கேட்டுக்கு வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் சொம்பில் மொண்டு தன் கையில் ஊற்றினான். நான் என் கையை நீட்டினேன், ஊற்றவில்லை. மறுநாள் வாளியைக் கேட்டுக்கு உள்ளே வைத்தேன். அதற்கடுத்த நாள் ஷவர் பக்கம். ஷவர் என்றாலே அவனுக்கு ஆகாது, நமக்குச் சாரல் மாதிரி படுவது அவனுக்கு ஊசி மாதிரி குத்துகிறதோ என்னவோ. சரி, ஷவர் வேண்டாம், குளத்தில் இறங்குவதற்கு முன் சொம்பிலேயே குளித்துக்கொள் என்று விட்டுவிட்டோம். இப்படியே வாளி குளத்தின் விளிம்புக்கு வந்தது, விளிம்பிலிருந்து முதல் படி, இரண்டாவது படி. ஒன்பதாவது நீச்சல் வகுப்பில் அவனாகவே குளத்துத் தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றினான். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது என் மனைவிக்கு இதில் என்ன விசேஷம் என்று புரியவில்லை.

பிறகு ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். செருப்பைக் கழற்றுவது, சொம்புக் குளியல், குளம், துண்டு என்று நாலு போட்டோ எடுத்து லேமினேட் செய்து கயிற்றில் மாட்டினோம். அதில் முக்கியமானது கடைசிப் படம், துண்டு. எப்போது முடியும் என்று தெரியாததுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் நாம் கேட்பதை ஓரளவு பொறுத்துக்கொள்கிறார்கள். அதேபோல ஒவ்வொரு வேலைக்கும் பத்து வரை எண்ணுவேன், பத்து வந்ததும் நிச்சயமாக நிறுத்துவேன். "நல்லாத்தானே செய்யறான், இன்னொரு தடவை" என்று ஆசைப்பட்டுப் பதினொன்று, பன்னிரண்டு என்று போனால் அடுத்த நாள் அவன் நம்மை நம்பமாட்டான், எனக்கு ஒரு தடவை அப்படி ஆயிற்று.

மூச்சுப் பயிற்சியைக் குளத்தில் ஆரம்பிக்கவே இல்லை. "ஊது" என்றால் அவனுக்குப் புரியாது, என் வாயைப் பார்க்கவும் மாட்டான். வீட்டில் டம்ளரில் பாதித் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா, குமிழி விடு, அவ்வளவுதான் வீட்டுப்பாடம். முதலில் உறிஞ்சிக் குடித்தான். ஸ்ட்ராவின் முனையில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு முட்டை விடும் விளையாட்டைக் காட்டிய பிறகு ஊதுவது பிடிபட்டது. ஒரு மாதம் கழித்துக் குளத்தில் உதட்டை நனைத்து அதையே செய்தான். இதில் அவசரப்பட்டால் பிள்ளை தண்ணீரைக் குடித்துப் புரையேறி, பிறகு முகத்தை நனைக்கவே விடமாட்டான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பயமே இல்லாத பிள்ளைக்கு நீச்சல் மட்டும் சொல்லிக்கொடுத்தால் ஆபத்து கூடுகிறது. குளத்தில் நன்றாகப் பழகியவன் வாய்க்காலையும் குளம் என்றுதான் நினைப்பான். அதனால் முதல் மூன்று மாதம் நாங்கள் நீச்சலுக்குச் செலவழித்த நேரத்தில் பாதி, விளிம்பில் உட்கார்ந்து காத்திருப்பதற்கு. நான் அவன் முழங்காலை இரண்டு தட்டுத் தட்டாமல் இறங்கக்கூடாது. ஒரு தடவை இறங்கிவிட்டாலும் திட்டாமல், கோபப்படாமல், வெளியே வந்து முதலிலிருந்து. சலிப்பான வேலைதான்.

அவனைப் பார்த்துவிட்டு, வாய்ச்சொல்லாகவே மற்றவர்கள் வந்தார்கள். அடுத்து வந்தது பதினோரு வயதுப் பெண், மூளை முடக்குவாதம், இரண்டு காலும் இடது கையும் விறைப்பு. புத்திக்கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை, என்னைக் கேலி செய்தே சாய்த்துவிடுவாள். நான் அவளுக்குக் கைகளில் காற்றடைத்த பட்டை மாட்டிவிட்டேன், பாதுகாப்பாம். உடம்பு ஒரு பக்கம் விறைத்து ஒரு பக்கம் தளர்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்தப் பட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாக இடது பக்கம் உருண்டாள், முகம் தண்ணீருக்குள், இரண்டு பட்டையும் மேலே மிதக்க, அவளால் திரும்ப முடியவில்லை. இரண்டு விநாடிகூட இருக்காது, தூக்கிவிட்டேன். இருமி முடித்துவிட்டு, "மாஸ்டர், இத மாட்டாமயே முங்கியிருப்பனே" என்றாள்.

அவளுடைய பிசியோ அக்காதான் ஹாலிவிக் முறையைப் பற்றிச் சொன்னார். 1949-இல் லண்டனில் ஹாலிவிக் என்ற உடற்குறையுள்ள பெண்பிள்ளைகளின் பள்ளியில் ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற இன்ஜினியர் தொடங்கியது. தண்ணீரில் ஒரு உடம்பு ஏன் உருள்கிறது, எப்படி நிற்கிறது என்று கணக்குப் பார்த்து, பத்துப் படியாகப் பிரித்திருக்கிறார். மிதவை எதுவும் கிடையாது, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். முதல் படி தண்ணீரோடு மனசு ஒத்துப்போவது, அடுத்ததெல்லாம் உருளாமல் இருப்பதும் வேண்டும்போது உருளுவதும், கை வீசி நீந்துவது கடைசியில்தான் வரும். நான் பதினோரு வருஷம் கடைசிப் படியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

அவள் விஷயத்தில் இது எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். மல்லாக்கப் படுக்க வைத்து, நான் தலைமாட்டில் நின்று, உள்ளங்கைகளை அவள் தோள்பட்டை எலும்புக்கு அடியில் வைத்துக்கொள்வேன். கழுத்தைப் பிடிக்கக்கூடாது, கழுத்தைப் பிடித்தால் உடம்பு முழுக்க வில்லாக விறைக்கும். பின்னாலிருந்து திடீரென்று பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது, தூக்கிவாரிப் போட்டால் கை இரண்டும் விரிந்து சமநிலை போய்விடும். தலையைப் பின்னால் சாய்த்தால் கால் மேலே வரும், தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டுத் தட்டை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டினால் கால் கீழே இறங்கி உட்கார்ந்த நிலைக்கு வரும். "தட்டு" என்றால் எழு, "வானம்" என்றால் படு. இதை மட்டும் ஆறு வாரம் செய்தோம். இடது பக்கம் உருள ஆரம்பித்தால் முகத்தை வலது பக்கம் திருப்பு, உடம்பு நேராகும். அதே தலைதிருப்பல் சில பிள்ளைகளுக்குக் கையை விறைக்கச் செய்துவிடும், அதனால் பக்கவாட்டில் மூச்சு வாங்குகிற ஃப்ரீஸ்டைல் அவர்களுக்குச் சரிவராது. மல்லாந்து இரண்டு கையையும் ஒன்றாக விரித்து இழுப்பதுதான் வசதி.

என் கையை எடுப்பது மெதுவாக நடந்தது. உள்ளங்கை, பிறகு விரல்கள், பிறகு இரண்டு விரல், பிறகு தொடாமல் அடியில் கை. ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் முழுசாக எடுத்துவிட்டு, "பாத்தியா, தனியா மிதக்கற" என்று பெருமையாகச் சொன்னேன், உடனே விறைத்து மூழ்கினாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், "கைய எடுக்கறதுன்னா சொல்லிட்டு எடுங்க" என்று ஒவ்வொரு வகுப்பிலும் நிபந்தனை போட்டாள். சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்திருப்பதாகப் பொய் சொல்கிற வித்தை இங்கே செல்லாது.

குளிர் இவளுக்குப் பெரிய எதிரி. போட்டிக் குளங்களின் தண்ணீர் 25-இலிருந்து 28 டிகிரி இருக்கும், ஓடி ஆடி நீந்துகிறவனுக்கு அது போதும். விறைப்பு உள்ள பிள்ளை அதில் பத்து நிமிஷத்தில் கட்டையாகிவிடும், 32, 33 டிகிரி இருந்தால்தான் தசை இளகும். எங்களிடம் ஹீட்டர் கிடையாது. சின்னப் பிள்ளைகளின் ஆழமில்லாத குளம் வெயிலில் சூடேறும், மார்ச்சிலிருந்து ஜூன் வரை காலை பதினொரு மணிக்கு அதில்தான் இவளுடைய வகுப்பு. மார்கழி, தை மாதங்களில் வகுப்பே வைப்பதில்லை. உதடு நீலமாகிற வரை காத்திருக்கவேண்டாம், கைவிரல் மடங்க ஆரம்பித்தாலே வெளியே தூக்கிவிடலாம்.

முதுகுத்தண்டுப் பிளவோடு, டாக்டர்கள் ஸ்பைனா பிஃபிடா என்பார்கள், பிறந்த ஒரு பையன் வந்தான். கை பலம் பிரமாதம், கையாலேயே குளத்தைக் கடந்துவிடுவான். வகுப்பு முடிந்து பார்த்தால் கால் கட்டைவிரல் இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம். அவனுக்கு உணர்ச்சியே இல்லை, டைல்ஸில் உரசியது தெரியவில்லை. அன்றிலிருந்து பருத்தி சாக்ஸ் போட்டுத்தான் இறக்குகிறோம், ஏறியதும் பாதத்தைப் பார்ப்பது என் வேலை. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை உண்டு, ஆகவே சிலிகான் தொப்பி மட்டும்தான், பலூன், ரப்பர் கையுறை எதுவும் பக்கத்தில் கூடாது. சிறுநீர், மலம் விஷயத்தை அம்மாவிடம் முதல் நாளே நேராகக் கேட்டுவிடுங்கள், நீங்கள் கூச்சப்பட்டால் அவர்களும் கூச்சப்படுவார்கள், பிறகு எல்லாருக்கும் சங்கடம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலர் சுலபமாக மிதப்பார்கள், மூட்டும் இளக்கமாக இருக்கும். ஆனால் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் உறுதி போதாமல் இருக்கும், ஆகவே டாக்டர் கழுத்தைப் பார்த்துச் சரி என்று எழுதித் தரும்வரை தலைகீழாகக் குதிக்கவே கூடாது. இதயத்தில் ஓட்டை இருந்ததா, இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். காது சீக்கிரம் சீழ் பிடிக்கும். மற்றபடி, உட்கார்ந்துவிட்டால் உட்கார்ந்ததுதான், கெஞ்சிப் பயனில்லை, நாம் பக்கத்தில் வேறு யாருடனாவது விளையாட ஆரம்பித்தால் தானாக வருவார்கள்.

வலிப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு பையனின் அம்மா படிவத்தில் "வலிப்பு உண்டா" என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தார். ஐந்தாவது நீச்சல் வகுப்பில் நெஞ்சளவு தண்ணீரில் என் முன்னால் நின்றவன் கண் ஒரு பக்கம் சொருகி, கை வெட்ட ஆரம்பித்தது. என் உடம்பு அவனை உடனே கரைக்குத் தூக்கத்தான் துடித்தது. அது தப்பு, வெட்டுகிற உடம்பைத் தூக்கினால் சுவரில் தலை மோதும். பின்னால் போய், தலையை ஏந்தி முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்து தள்ளி வந்து, இறுக்கிப் பிடிக்காமல் நின்றேன். வாயில் எதையும் வைக்கக்கூடாது. கைச் சைகையிலேயே உதவிக்கு ஆள் கூப்பிட்டேன். வெட்டு நின்றதும் இரண்டு பேராகத் தூக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைப் பார்த்தோம், 108-க்குச் சொன்னோம். தண்ணீரில் வந்த வலிப்பு என்றால் பிள்ளை எழுந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கலாம். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்று அன்று நான் கத்தியதற்கு அந்த அம்மா சொன்ன பதில்: "ரெண்டு குளத்துல உண்மையச் சொன்னேனுங்க. ரெண்டு பேருமே சேத்துக்கல." அதன் பிறகு படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே "உண்டு என்றாலும் சேர்த்துக்கொள்வோம்" என்று ஒரு வரி சேர்த்தோம். அதற்கப்புறம் நிறையப் பேர் உண்மையை எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளோடு கை எட்டும் தூரத்தில் ஒரு ஆள் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருப்பார்.

யாரும் யோசிக்காத ஒரு விஷயம் உடை மாற்றும் இடம். பன்னிரண்டு வயதுப் பையனை அம்மா பெண்கள் அறைக்குள் கூட்டிப்போக முடியாது, ஆண்கள் அறைக்குள் இவர் போக முடியாது, அப்பா வேலைக்குப் போயிருக்கிறார். மகளைக் கூட்டிவருகிற அப்பாவுக்கும் அதே கதை. பம்ப் ரூம் ஓரத்தில் தார்ப்பாய் கட்டி, ஒரு பெஞ்ச் போட்டு, உள்ளே கொக்கி வைத்தோம், செலவு ஆயிரத்துச் சொச்சம். அது இல்லாததாலேயே வராமல் போனவர்கள் எத்தனை பேரோ. உதவிக்கு வருகிற காலேஜ் பசங்களுக்கு நான் போடுகிற ஒரே சட்டம், "பாவம்" என்ற வார்த்தை குளத்துக்குள் வரக்கூடாது. கரையில் நின்று "கால அடி, கால அடி" என்று கத்துகிற பெற்றோரை டீக்கடைக்கு அனுப்பிவிடுவேன், ஆனால் சொம்புக்காரனுக்கு அம்மா கண்ணில் தெரியவில்லை என்றால் வேலையே ஓடாது, எனவே இதற்குப் பொதுவிதி எதுவும் கிடையாது.

2022 மார்ச்சில், ஆட்டிசம் உள்ள ஜியா ராய் என்ற 13 வயது மும்பைப் பெண் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 13 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்தாள். அந்தச் செய்தியை இன்றைக்கும் யாராவது ஒரு அப்பா எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார், "நம்ம பையனும் பண்ணுவானுங்களா மாஸ்டர்?" என்ற கேள்வியோடு. எனக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் பெருமைதான். ஆனால் முதலில் பத்து மீட்டர், அதுவும் சட்டை பேண்டோடு என்பேன். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

சட்டை பேண்ட் ஏனென்றால், எந்தப் பிள்ளையும் நீச்சல் டிரஸ் போட்டுக்கொண்டு வாய்க்காலில் விழுவதில்லை. நனைந்த துணி இழுக்கிற இழுப்பு வேறு, பழகாதவன் அதிலேயே பதறிவிடுவான். சொம்புக்காரனுக்கு இந்தப் பாடம் வருவதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. முதலில் பனியன், பிறகு சட்டை, கடைசியில் பள்ளிக்கூட யூனிஃபார்ம், பெல்ட் உட்பட. அன்று முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி, அவனுக்குத் தெரிய, விளிம்பிலிருந்து பக்கவாட்டில் சரித்துவிட்டேன். உள்ளே போனான், வந்தான், மல்லாந்தான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தான். நான் அடியில் கை வைக்கவில்லை, ஆனால் ஒரு எட்டுத் தூரத்தில் நின்றேன். பிறகு காலை அடித்துத் தலைப்பக்கமாகவே போய், உச்சந்தலை சுவரில் இடிக்க, திரும்பி விளிம்பைப் பிடித்தான். ஏறி உட்கார்ந்ததும் சொம்புக்குக் கை நீட்டினான்.

அந்த அக்கா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. துண்டால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "மாஸ்டர், அப்ப அந்த மேல்தாழ்ப்பாள எடுத்துரலாமுங்களா?"

"வேண்டாமுங்க அக்கா. அது இருக்கட்டும்" என்றேன்.